விருந்தை எண்ணினோம், வீட்டை எண்ணினோமா?

மே திங்கள் பிறந்துவிட்டால் நீலமலை நகைக்கிறது என்பர், அழகை மட்டுமே காண்போர். உதகைத் தாவரவியல் பூங்காவிலே மலர்க் காட்சி. குன்னூர் சிம்ஸ் பூங்காவிலே பழக் காட்சி. கோத்தகிரியிலே காய்கறிக் காட்சி. கூடலூரிலே வாசனைப் பொருட் காட்சி! 1896-இல் தொடங்கிய மலர்க் காட்சி நூறாண்டு கடந்தும் நடைபெறுகிறது. அமைச்சர் பெருமக்கள் நாடா வெட்டுவர். ஏடுகள் வண்ணப்படம் வெளியிடும். இத்தனை இலட்சம் பேர் வந்தனர், சென்ற ஆண்டைக் காட்டிலும் இத்தனை ஆயிரம் பேர் கூடுதல் என்று கணக்குப் படிக்கப்படும். கைத்தட்டல் எழும்.

அதே நாளில், அதே உதகையின் சேரிங்கிராஸ் சந்திப்பிலே சற்று நின்று பார்த்தால் மற்றொரு காட்சியும் கிடைக்கும். முன்னே நிற்கும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தபடியே காத்துக் கிடக்கும் வாகன வரிசை! ஆண்டெல்லாம் உழைத்துச் சேர்த்த காசோடு, பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் என்னவென்று காட்ட வந்த திருப்பூர்த் தொழிலாளி அவ்வரிசையிலே உண்டு. கோவை மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஆம்புலன்சும் உண்டு. வந்தவருக்கும் துன்பம், வாழ்பவருக்கும் துன்பம்! இந்தக் காட்சிக்கு நாடா வெட்ட எவரும் வருவதில்லை.

நாம் கேட்பது ஒன்றுதான். வந்தோர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் எண்ணுகிறவர்கள், இந்த மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று என்றேனும் எண்ணியதுண்டா?

நீதிமன்றம் கேட்ட கேள்வி

எண்ணவில்லை. ஆகவேதான் அந்தக் கேள்வியை நீதிமன்றம் கேட்க நேர்ந்தது. கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்னும் கணக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னே வைக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 29-இல் நீதிபதிகள் ஆணையிட்டனர். மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெறவேண்டுமென்றனர். சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் இம்மலைகளின் தாங்குதிறனை ஆராயவேண்டுமென்றும் வழி வகுத்தனர். மறு ஆண்டு, 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதிவரை, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எல்லையே வகுக்கப்பட்டது. வணிகர்கள் வெகுண்டெழுந்தனர், கடையடைப்பும் நடந்தது.

வணிகரைக் குறை கூறுவதற்கில்லை. பருவம் என்பது அவர்களுக்கு இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்து வருவாயிலே பன்னிரண்டு மாதம் வாழவேண்டும். நீதிபதிகளையும் குறை கூறுவதற்கில்லை. வீட்டுக்காரன் செய்யாத வேலையை அண்டை வீட்டார் வந்து செய்தால், செய்தவரையா குற்றம் சொல்வது?

குறை எங்கே? எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றுலாவுக்குத் திட்டம் தீட்டியவர்கள், திட்டத்தின் முதல் வரியாக இருக்கவேண்டிய எண்ணை எழுத மறந்தார்களே, அங்கே இருக்கிறது குறை!

அளவுகோல் எப்படி வந்தது?

இந்நாட்டில் சுற்றுலாத் திட்டம் பிறந்த கதையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1945-இல், வெள்ளையர் ஆட்சி முடியுந் தறுவாயில், சர் ஜான் சார்ஜென்ட் தலைமையிலே ஒரு குழு அமைந்தது. விடுதலைக்குப் பின் 1949-இல் போக்குவரத்து அமைச்சகத்திலே சிறு பிரிவொன்று தோன்றியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் சுற்றுலாவுக்கெனத் தனி ஒதுக்கீடே இல்லை. இரண்டாம் திட்டத்தில்தான் மூன்று கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை கிடைத்தது. 1958-இல் தனித் துறை, 1963-இல் எல்.கே. ஜா தலைமையில் மற்றொரு குழு. 1966-இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம். 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். படிப்படியாகத் துறை வளர்ந்தது.

அந்நாளில் அதன் நோக்கம் யாது? அந்நியச் செலாவணி! ஆலை எந்திரம் வாங்க டாலர் வேண்டும். உணவுக் கப்பலுக்கு டாலர் வேண்டும். வெளிநாட்டார் வந்தால் டாலர் வரும். ஆகவே எத்தனை பேர் வந்தனர், எத்தனை டாலர் தந்தனர் என்பதே அளவுகோல் ஆயிற்று. பஞ்சம் தலைகாட்டிய அக்காலத்தில் அப்படி எண்ணியதைத் தவறென்று நாம் கூறமாட்டோம்.

ஆனால் காலம் மாறியது, அளவுகோல் மாறவில்லை. இன்று நீலமலைக்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் நம் நாட்டவர். தமிழகத்து மக்களும், கருநாடகத்து மக்களும், கேரளத்து மக்களும் நம்மையொத்த உழைப்பாளிகள். அவர்கள் வருகையைத் தலை எண்ணிக் கணக்கெழுதி, எண்ணிக்கை ஏறினால் வெற்றி, இறங்கினால் தோல்வி என்று அறிக்கை விடுவது என்ன திட்டம்? சத்திரத்துக் கணக்குப்பிள்ளை செய்யும் வேலை அல்லவா அது?

மானியம் நின்றது, கடன் வந்தது

பணம் வந்த வழியைப் பார்த்தால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும்.

ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1975-ஐ ஒட்டி, மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நீலகிரிக்கு வந்தது. மத்திய அரசின் உதவி அதிலே பெரும்பாலும் மானியமாகவே கிடைத்தது. மண் அரிப்பைத் தடுத்தல், நீரோடைகளைக் காத்தல், சிற்றூர்ப் பாதைகள் ஆகியவையே அதன் பணிகள். அதிலே குறையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. எனினும் அந்தத் திட்டத்தின் பெயரிலே மலை இருந்தது. மலைவாழ் மக்கள் இருந்தனர். திட்டக்குழு மறைந்து 2015-இல் நிதி ஆயோக் வந்த காலத்திலே அந்த மத்திய உதவியும் நின்றது.

அடுத்து என்ன வந்தது? சுதேச தர்ஷன் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலே தமிழகத்துக்கு மாமல்லபுரமும் நீலகிரியும் தெரிந்தெடுக்கப்பட்டன. 2024 நவம்பரில், மாநிலங்களின் மூலதனச் செலவுக்கான சிறப்பு உதவி என்னும் பெயரால், 23 மாநிலங்களிலே 40 சுற்றுலாப் பணிகளுக்கு 3,295 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் வழங்கியது மத்திய அரசு. அதில் நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவிலே மலர்த் தோட்டம் அமைக்க 70.23 கோடி ரூபாய். நல்லது! ஆனால் இப்பணம் கொடை அன்று. ஐம்பது ஆண்டுகளில் மாநிலம் திருப்பித் தரவேண்டிய கடன். வட்டி இல்லை என்பது உண்மை. கடன் இல்லை என்பது உண்மையன்று.

மலையைக் காக்க வந்தது மானியம்; அது நின்றது. மலையைக் காட்ட வருவது கடன், அது தொடங்கியது. இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், ஆட்சிப் பீடத்தார் மலையை எக்கண்கொண்டு நோக்குகின்றனர் என்பது விளங்காமற் போகுமா?

தேவாலா கூறும் பாடம்

தேவாலா என்னும் ஊருக்கு இது முதல் கனவு அன்று. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, தேவாலா, பந்தலூர் மண்ணுக்கடியிலே பொன் கொட்டிக் கிடக்கிறது என்று இலண்டன் மாநகரிலே பறை அறைந்தனர். முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் விற்றன, எந்திரங்கள் மலையேறின, பங்களாக்கள் எழும்பின. சில ஆண்டுகளிலே எல்லாம் கலைந்து போயின. வெட்டிய சுரங்கங்களும் துருப்பிடித்த இரும்புமே எஞ்சின. மண்ணை அறியாமல், அம்மண்ணிலே வாழும் மக்களைக் கேளாமல், எங்கோ இருந்து தீட்டிய திட்டம் எப்படி முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று அந்தக் கூடலூர், பந்தலூர் வட்டங்களிலே வாழ்வோர் யார்? பணியரும் காட்டுநாயக்கரும் போன்ற பழங்குடி மக்கள். 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையால், பிறந்த இலங்கை மண்ணைவிட்டுக் கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் தொடங்கி, 1976-இல் டான்டீ என்னும் பெயர் பெற்றது அரசுத் தேயிலைத் தோட்டம். 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலே சிக்கிய நிலங்களோ நெடுங்காலமாக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகின்றன. அந்நிலங்களில் குடியிருக்கும் குடும்பங்கள் பட்டாவுக்குக் காத்திருந்தனர். பட்டா இல்லாததால் மின்விளக்குக்கும் காத்திருந்தனர். பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கிலே படித்தனர்.

மலர்த் தோட்டம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அங்கே வேலை கிடைக்குமானால் வரவேற்போம். ஆனால் தோட்டத்துக்கு வரையும் வரைபடத்திலே, வேலிக்கு வெளியே உள்ள குடிசையும் இடம்பெற வேண்டாமா? பூவுக்கு ஒளிவிளக்குப் பூட்டும் நாளிலே, பூப்பறிப்பவளின் வீட்டிலும் விளக்கெரிய வேண்டாமா?

பச்சைக் கம்பளமும் விலைவாசியும்

வருகின்றவர் நீலமலையிலே எதைக் காண வருகிறார்? குளிரை, மேகத்தை, 46 கிலோமீட்டர்ப் பாதையிலே 16 குகைகளையும் 208 வளைவுகளையும் கடந்து பல்சக்கரம் பற்றி மேலேறும் மலை இரயிலை. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய அந்த இரயில், 2005 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். இவற்றோடு, சரிவெல்லாம் விரிந்து கிடக்கும் தேயிலைப் பசுமையையும் காண வருகிறார். கம்பளம் விரித்ததுபோல் இருக்கிறது என்று வியந்து படம் எடுத்துக்கொள்கிறார்.

அந்தக் கம்பளத்தை நெய்தவர் யார்? கூடை சுமந்து, மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து கிள்ளும் பெண்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு பாடுபடும் பல்லாயிரம் சிறு விவசாயிகள். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை என்னும் ஒரே கேள்வியிலே அவர்கள் வீட்டு அடுப்பும் பிள்ளைகள் படிப்பும் தொங்குகின்றன. விலை வீழ்கிறது, பறிப்புக் கூலிக்குங்கூடக் கட்டவில்லை என்னும் நாள் வருகிறது. அந்நாளிலே கீழ்நாட்டிலிருந்து ஒருவர் காரிலே வந்து இறங்குகிறார். “இந்தச் சரிவிலே காட்டேஜ் கட்டலாம், என்ன விலை சொல்கிறீர்கள்?” என்கிறார். கடன்பட்ட நெஞ்சம் என்ன செய்யும்?

தேயிலை போகிறது, காங்கிரீட் வருகிறது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் ஏட்டிலே உள்ளன. விதிகளை மீறி எழும்பிய சுவர்கள் சரிவிலே உள்ளன. எதைக் காண விருந்தினர் வந்தாரோ அதையே விடுதி விழுங்கிவிடுகிறது!

ஆகவே, ஆட்சியாளர்க்கு ஒன்று கூறுவோம். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கொடுப்பது வேளாண்மைச் செலவு என்று மட்டும் எண்ணாதீர்கள். நீலகிரிச் சுற்றுலாவுக்கு நீங்கள் போடக்கூடிய முதல்களிலே அதைவிடச் சிறந்த முதல் வேறில்லை. பசுமைக்குக் காவலன் சிறு விவசாயி. காவலனைப் பட்டினி போட்டுவிட்டு வீட்டை அலங்கரிப்பது மதியுடைமை ஆகாது.

மலை பொறுத்தது, பிறகு பேசியது

மலைக்கு வாய் இல்லை என்று எண்ணுவோர் ஆண்டுகளைப் புரட்டிப் பார்க்கட்டும். 1993 நவம்பரிலே குன்னூர் மலைப்பாதையின் மரப்பாலத்தில் மண் சரிந்து உயிர்கள் பலியாயின. 2009 நவம்பரிலே மாவட்டமெங்கும் சரிவுகள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டிலே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வானத்தை நாம் தடுக்க இயலாது. ஆனால் சரிவை வெட்டுவதும், ஓடையை மூடுவதும், நீர் வழியை மறித்துச் சுவர் எழுப்புவதும் வானத்தின் செயல் அல்லவே!

சீகூர் பீடபூமியிலே யானைகள் நடந்த வழியிலே விடுதிகள் எழுந்தன. வழக்கு நடந்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் யானை வழித்தடத்தை உறுதி செய்தது; 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே நிலைநாட்டியது. கட்டியபின் இடிப்பதற்கு ஆன செலவு யாருடையது? கட்டுமுன்னரே தடுக்கத் திட்டம் இருந்திருந்தால் அச்செலவு வந்திராதே!

உதகை ஏரியைப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆட்சித்தலைவர் சல்லிவன் வெட்டுவித்த ஏரி. படகு விட்டுக் காசு சேர்க்கிறோம். அதே ஏரிக்குள்ளே கோடப்பமந்துக் கால்வாய் வழியே நகரத்துக் கழிவுநீரையும் விட்டோம். பன்னீர் தெளிக்கும் வாசலிலே சாக்கடை! இதற்குப் பெயர் விருந்தோம்பலா?

கதவடைப்பது நம் வழி அன்று

“அப்படியானால் கட்டணத்தை உயர்த்துங்கள், கூட்டம் தானே குறையும்” என்று கூறும் அறிவாளர் சிலர் உளர். பூட்டான் நாட்டைக் காட்டுகின்றனர். அங்கே வெளிநாட்டார் ஓர் இரவுக்கு 2022-இல் 200 டாலரும், 2023 முதல் 100 டாலரும் கட்டவேண்டும் என்று விதித்தனர். வெனிஸ் நகரிலே 2024 ஏப்ரலிலிருந்து, கூட்டம் மிகும் நாட்களிலே ஒரு நாள் வந்து போவோரிடம் ஐந்து யூரோ வாங்கத் தொடங்கினர்.

பூட்டானின் நோக்கை நாம் மதிக்கிறோம். ஆனால் அப்படியே இங்கே கொண்டுவர ஒப்போம். ஏன்? நீலமலை ஒரு காலத்திலே நமக்கு மூடப்பட்ட மலை! சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக உதகை விளங்கிய நாளிலே, துரைமார் பந்தாடினர், விருந்துண்டனர், வேட்டை ஆடினர். நம்மவர் மூட்டை சுமந்தனர், குதிரை பிடித்தனர், கதவருகே நின்றனர். அந்தக் கதவு திறந்து, இன்று விருதுநகர்த் தீப்பெட்டித் தொழிலாளியும் தன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோஜாப் பூங்காவைச் சுற்றி வருகிறார் என்றால், அது மக்களாட்சியின் வெற்றி. கட்டணம் என்னும் பூட்டைப் போட்டு அந்தக் கதவை மீண்டும் அடைக்க நாம் உடன்படமாட்டோம்.

நெரிசலை உண்டாக்குவது ஏழையின் பேருந்து அன்று. ஐம்பது பேரைச் சுமந்து வருவது ஒரு பேருந்து. அதே ஐம்பது பேர் வருவதற்குப் பதினைந்து கார்கள் வேண்டும். ஆகவே மனிதரை எண்ணித் தடுக்கவேண்டா. வாகனத்தை எண்ணி முறைப்படுத்துக! பேருந்துக்கு வழிவிடுக, கார்கள் அடிவாரத்திலே நிற்கட்டும்.

செய்யவேண்டுவன

குறை கூறிவிட்டு ஓடுவது நம் வழக்கமன்று. ஆகவே நான்கு யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: எண் முதலில், பணம் பின்னர். நிபுணர்கள் கூறும் தாங்குதிறன் கணக்கைத் தமிழிலே அச்சிட்டு, உதகை, குன்னூர் நகர மன்றங்களிலும் கிராம சபைகளிலும் பழங்குடி ஊர்களிலும் வைத்து விவாதிக்கவேண்டும். நீர் எவ்வளவு, கழிவு எவ்வளவு, பாதை எவ்வளவு என்று தெரிந்தபின்னரே புதிய பூங்காவுக்கும் புதிய விடுதிக்கும் ஒப்புதல் தருக.

இரண்டு: விடுதி அறை வரியிலே ஊருக்குப் பங்கு. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது மாநிலத்தின் ஆடம்பர வரி அதிலே கரைந்தது. அறைக்கு வாங்கும் வரி தில்லிக்கும் கோட்டைக்குமாகப் பிரிகிறது. குப்பை அள்ளுவது நகராட்சி! குப்பை தங்கும் ஊரிலே வரியின் ஒரு பகுதியும் தங்கவேண்டும்.

மூன்று: சுற்றுலா நிதியிலே பாதியேனும் மலைவாழ் மக்களின் குடிநீர், கழிவுநீர், தொழிலாளர் வீடு ஆகியவற்றுக்கு. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்து மக்கள் 7,35,394 பேர். கோடையிலே குன்னூர்த் தெருக்களில் குடங்கள் வரிசை நிற்க, விடுதிகளுக்கு லாரியிலே தண்ணீர் செல்லும் நிலை மாறவேண்டும். 2025 ஏப்ரலில் உதகையிலே 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனை திறக்கப்பட்டதே, அத்தகைய பணிதான் உண்மையான சுற்றுலா முதலீடு. அது மலைவாழ்வோருக்கும் பயன்படும், வந்தவருக்கும் பயன்படும்.

நான்கு: அடிவாரத்திலே நிறுத்துமிடமும் அரசுப் பேருந்தும். மேட்டுப்பாளையத்திலும் கூடலூர்ப் புறத்திலும் கார்களை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடத்துக்கொரு பேருந்து ஏறிச் செல்ல வழி செய்தால், இ-பாஸ் வரிசைக்கும் தேவை குறையும். உள்ளூர் இளைஞர்க்கு ஓட்டுநர், நடத்துநர் வேலையும் பெருகும்.

இவற்றுள் எதுவும் இயலாத செயல் அன்று. 1932-இல் பைக்காராவிலே நீரை மின்சாரமாக்கிக் கீழ்நாட்டு ஆலைகளைச் சுழலச் செய்த மலை இது. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீரூட்டும் மலை இது. 1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் என்று பெயர் பெற்ற மலைத்தொடர் இது. ஈரோட்டு வயலும் கோவையின் குடிநீர்க் குழாயும் இம்மலையின் நலத்தை நம்பி இருக்கின்றன. மலை நொந்தால் நோவது மலைவாழ்வோர் மட்டும் அல்லர்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. விருந்தினர் மூன்றாம் நாள் இறங்கிச் செல்வர். வீட்டிலே தங்குபவர் முந்நூற்றறுபத்தைந்து நாளும் அங்கேயே இருப்பர். விருந்தினர் எண்ணிக்கையைப் பலகையில் எழுதி மகிழும் அரசு, வீட்டின் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும். வீடு நிலைத்தால் விருந்து நிலைக்கும். வீடு சரிந்தபின் எந்தக் கோடியைக் கொட்டியும் விருந்தினரை அழைக்க இயலாது!